கடையில் சரக்கு இழப்பைத் தடுக்கப் பாதுகாவலர்களைப் பயிற்றுவிப்பது எப்படி: பினாங்கு மேற்பார்வையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் வாயிற்காவல் அறைகளிலும் ஜார்ஜ் டவுன் பேரங்காடிகளின் நுழைவாயில்களிலும் பாதுகாவலர்களாகவும் அவர்களின் மேற்பார்வையாளர்களாகவும் நம்மவர்கள் பலர் பணியாற்றுகிறார்கள். தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் 1971ஆம் ஆண்டின் தனியார் முகவாண்மைச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். சி.எஸ்.ஜி. (சான்றளிக்கப்பட்ட பாதுகாவலர்) எனப்படும் அடிப்படைப் பயிற்சியும் பாதுகாவலர்களுக்கு உண்டு. ஆனால் அது வாயிற்காவல், ரோந்து, தீ, அவசரநிலை என்று பல இடங்களுக்கும் பொருந்தும் பொதுப் பயிற்சி. குறிப்பிட்ட ஒரு கடையில் குறிப்பிட்ட ஓர் அலமாரியிலிருந்து பால்மாவு டின்கள் ஏன் மாதந்தோறும் குறைகின்றன என்ற கேள்விக்கு அதில் விடை தேட முடியாது. அந்த விடையைத் தேடும் திறமையைத் தம் ஆட்களுக்கு ஊட்ட விரும்பும் மேற்பார்வையாளருக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இழப்புத் தடுப்பு என்றவுடன் பலருடைய மனத்தில் திருடனைத் துரத்திப் பிடிக்கும் காட்சியே எழுகிறது. பயிற்சிக்கு வருகிற இளைஞர்களும் அதைத்தான் எதிர்பார்த்து வருகிறார்கள். உண்மையில் பிடிப்பது இந்தப் பாடத்திட்டத்தின் மிகச் சிறிய பகுதி, அதுவும் தவறினால் பெருஞ்செலவு வைக்கும் பகுதி. நன்கு பயின்ற பாதுகாவலர் ஓராண்டு முழுவதும் ஒருவரையும் தடுத்து நிறுத்தாமலேயே கடையின் இழப்பைக் குறைத்துவிடக்கூடும். எத்தனை பேரைப் பிடித்தார் என்று கேட்டுப் பாராட்டும் நிர்வாகம் தன் ஆட்களைத் தவறான கைதுகளை நோக்கித் தானே தள்ளிவிடுகிறது.

முதலில் கணக்கேட்டைப் பாருங்கள்

கணக்கேட்டின்படி இருக்க வேண்டிய சரக்குக்கும், எண்ணிப் பார்க்கும்போது உண்மையில் இருக்கும் சரக்குக்கும் உள்ள வேறுபாடே சரக்குக் குறைவு. அதற்கு நான்கு வழிகள் உண்டு: வாடிக்கையாளராக வருபவர் திருடுவது, கடை ஊழியரே திருடுவது, சரக்கு கொண்டுவரும் வழங்குநர் குறைத்துக் கொடுப்பது, யாரும் திருடாமலேயே விலைப்பட்டியலிலும் வரவேட்டிலும் நேரும் எழுத்துப் பிழைகள். முதல் வழி மட்டுமே பாதுகாவலரின் பொறுப்பு என்று நினைப்பது பழைய பழக்கம். பின்வாசலில் லாரி நிற்கும் நேரத்தில் முன்வாசலில் மட்டும் ஆளை நிறுத்தியிருக்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன.

ஆகவே பயிற்சி நாளைக் குறிக்கும் முன், கடை நிர்வாகியிடம் அண்மைய சரக்கு எண்ணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பொருள்கள், எந்தப் பிரிவில், எந்த வாரங்களில் குறைந்தன என்பதைக் கடையின் தரைப்படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைப் பால்மாவு, சவரக் கத்தி, மின்கலம், அழகுப் பொருள், சாக்லெட், மதுபானம் போன்றவை சிறியவை, விலை கூடியவை, வெளியில் எளிதாக விற்கக்கூடியவை என்பதால் அவையே பெரும்பாலும் பட்டியலின் மேலே இருக்கும். ஆனால் உங்கள் கடையின் பட்டியல் வேறாக இருக்கலாம். பயிற்சி அந்தப் பட்டியலிலிருந்துதான் பிறக்க வேண்டும். வேறெங்கோ தயாரித்த திரைக்காட்சிகளை அப்படியே ஓட்டுவதில் பயனில்லை.

பயிற்சி பெறுவோருக்கு இழப்பின் கனத்தைப் புரியவைக்க ஒரு சிறு கணக்குப் போதும். நூறு ரிங்கிட் விற்பனையில் 2 ரிங்கிட் மட்டும் நிகர லாபமாக நிற்கும் ஒரு கடையில், 100 ரிங்கிட் மதிப்புள்ள ஒரு டின் காணாமல் போனால், அந்தத் தொகையை லாபத்திலிருந்து ஈடுகட்ட 5,000 ரிங்கிட்டுக்கு விற்க வேண்டும். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டிய பிறகு, ‘ஒரு டின் தானே’ என்ற பேச்சு வகுப்பில் எழுவதில்லை.

சட்டம்: இங்கே நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள்

சீருடை அணிந்திருப்பதால் பாதுகாவலருக்குப் போலீஸ் அதிகாரம் வந்துவிடுவதில்லை. யாரையாவது தடுத்து வைக்கும்போது அவர் ஒரு தனிமனிதராகவே அதைச் செய்கிறார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு தனிமனிதருக்குத் தரும் அதிகாரம் குறுகியது. தம் கண்ணெதிரே, ஜாமீனில் விடத்தகாததும் பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்கதுமான குற்றத்தைச் செய்பவரை அவர் பிடிக்கலாம். பிடித்தவரைத் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் அதிகாரியிடமோ நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும். தண்டனைச் சட்டத்தின் 379ஆவது பிரிவில் வரும் திருட்டும், 10 ஆண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கும் 380ஆவது பிரிவில் வரும் கட்டடத்திற்குள் நிகழும் திருட்டும் அத்தகைய குற்றங்களே. ஊழியர் தம் முதலாளியின் பொருளைத் திருடினால் 381ஆவது பிரிவு பொருந்தும்.

இதில் வகுப்பு முழுவதும் திரும்பத் திரும்ப வலியுறுத்த வேண்டிய சொல் ‘கண்ணெதிரே’ என்பது. காசாளர் சொன்னார், இன்னொரு வாடிக்கையாளர் கைகாட்டினார், அந்த ஆள் போன வாரமும் சந்தேகமாக நடந்துகொண்டார் என்பவை கவனித்துப் பார்ப்பதற்கான காரணங்கள் மட்டுமே. அவற்றை நம்பிக் கையைப் பிடித்தால் அது தவறான தடுப்பாக முடியலாம். தண்டனைச் சட்டத்தின் 342ஆவது பிரிவு முறையற்ற அடைத்துவைப்புக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ஒருவரை அடித்துக் காயப்படுத்தினால் 323ஆவது பிரிவு வரும். இவற்றைத் தவிர அவமானப்பட்டவர் தொடுக்கும் சிவில் வழக்கும் உண்டு. அந்த வழக்கில் பாதுகாவலர், அவருடைய நிறுவனம், கடை ஆகிய மூவருமே எதிர்வாதிகளாக நிற்க நேரலாம்.

கடை வாசலில் உள்ள எச்சரிக்கைத் தூண் ஒலித்தாலும் இதே விதிதான். அந்தத் தூண்களில் பல 58 கிலோஹெர்ட்ஸ் அல்லது 8.2 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், பொருளில் ஒட்டிய பட்டையை உணர்ந்து ஒலிப்பவை. காசாளர் பட்டையை நீக்க மறந்திருந்தாலும், பக்கத்துக் கடையில் வாங்கிய பொருளின் பட்டை நீக்கப்படாமல் பையில் இருந்தாலும் அவை ஒலிக்கும். எச்சரிக்கை ஒலி, ரசீதைப் பணிவுடன் கேட்பதற்கான வாய்ப்பை மட்டுமே தருகிறது. மறுபக்கம், உட்புறம் அலுமினியத் தாள் பொதிந்த பைக்குள் போன பொருளுக்குத் தூண் ஒலிக்காமலும் போகலாம். ஆகவே தூண் மௌனமாக இருப்பதால் திருட்டு நடக்கவில்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

கண் பழகுவதற்கான பயிற்சி

உலகெங்கும் சில்லறை வணிகப் பாதுகாப்பில் பழகிவந்திருக்கும் நடைமுறை ஒன்றை நம் ஆட்களுக்கும் மனப்பாடமாக்கலாம். சந்தேகத்திற்குரியவர் பொருளிருக்கும் இடத்தை நெருங்குவதைப் பார்த்திருக்க வேண்டும். அவர் பொருளை எடுப்பதைப் பார்த்திருக்க வேண்டும். மறைப்பதையோ எடுத்துச் செல்வதையோ பார்த்திருக்க வேண்டும். அதன்பின் ஒரு கணமும் அவரைப் பார்வையிலிருந்து தவறவிட்டிருக்கக் கூடாது. பணம் கட்டாமல் கடைசிக் கவுண்டரைத் தாண்டுவதைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான், கடையின் வெளிவாசலருகே, அணுக வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் தடுத்து நிறுத்தும் எண்ணத்தைக் கைவிட்டு, உதவி செய்யும் பாவனைக்கு மாறிவிட வேண்டும்.

இதை வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுப்பதைவிட நடித்துக் காட்டினால் நன்றாகப் பதியும். பயிற்சியாளரின் உதவியாளர் ஒருவர் பால்மாவு டின்னை எடுத்துப் பைக்குள் போடட்டும். அதே நேரத்தில் இன்னொருவர் பாதுகாவலரிடம் வந்து கழிவறை எங்கே என்று கேட்கட்டும். அவர் தலையைத் திருப்பிய அந்தச் சில நொடிகளில் முதலாமவர் டின்னை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு வெறும் பையுடன் வாசலை நோக்கி நடக்கட்டும். பயிற்சி பெறுபவர் வாசலில் அவரை மறித்தால், பையைத் திறந்து காட்டி, “இப்போது என்ன செய்வீர்கள், தம்பி?” என்று கேளுங்கள். தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும் என்ற விதி ஏன் இருக்கிறது என்பதை அந்தக் கேள்விக்குப் பிறகு விளக்க வேண்டியிருக்காது.

எதைப் பார்ப்பது என்பதில் ஒரு கண்டிப்பு தேவை. பார்க்க வேண்டியது நடத்தையை. பொருளைப் பார்க்காமல் கேமராவையும் ஊழியரையும் பார்த்துக்கொண்டிருப்பவர், ஒரே பொருளில் பத்துப் பன்னிரண்டை அளவு, வகை, விலை பார்க்காமல் அள்ளுபவர், பினாங்கின் புழுக்கத்திலும் தடித்த மேல்சட்டையைக் கழற்றாதவர், கூட்டமாக வந்து ஊழியரை ஒரு மூலைக்கு இழுப்பவர்கள் ஆகியோர் கவனத்திற்கு உரியவர்கள். தோலின் நிறமும் உடையின் தரமும் நடத்தையில் சேரா. கடைக்குள் நுழைந்ததுமே பின்தொடரப்பட்ட அனுபவம் நம் இளைஞர்களில் பலருக்கு இருக்கும். அதே வேலையை நாம் சீருடை போட்டுக்கொண்டு இன்னொரு பையனுக்குச் செய்வதில் வெட்கம் மட்டுமன்று, தொழில்நட்டமும் இருக்கிறது. அவனையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நன்றாக உடுத்திய வேறொருவர் அலமாரியைக் காலி செய்துவிடலாம்.

அணுகும் முறை

திருட நினைத்து வந்தவருக்கு மிகவும் பிடிக்காதது, ஊழியர் தம்மைக் கவனித்துவிட்டார் என்ற உணர்வு. சந்தேகம் எழும்போதே அருகில் சென்று, “என்சிக், பெர்லு பாந்துவான்?” (ஐயா, உதவி வேண்டுமா?) என்று முகம் பார்த்துக் கேட்பது, அல்லது ஒரு கூடையை நீட்டி, “அக்கா, கையில் நிறைய இருக்கிறதே, இதில் போட்டுக்கொள்ளுங்கள்” என்பது, பெரும்பாலான சந்தர்ப்பங்களில் பொருளை அலமாரிக்கே திருப்பிவிடும். நேர்மையான வாடிக்கையாளருக்கோ அது நல்ல உபசரிப்பு. இரு பக்கமும் கெடாத இந்த உத்தியை இழப்புத் தடுப்பின் முதல் கருவியாகவே கற்பியுங்கள்.

தடுத்தே தீர வேண்டிய நிலையில், இருவராகச் செல்ல வேண்டும். ஒருவர் பேச, மற்றவர் சற்றுத் தள்ளி நின்று சாட்சியாக இருக்க வேண்டும். வழியை முழுவதும் அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. குரல் தாழ்ந்திருக்க வேண்டும். ‘திருடன்’ என்ற சொல்லை எந்த மொழியிலும் பயன்படுத்தக் கூடாது. “மாஃப் என்சிக், போலே சாயா தெங்கோக் ரெசிட்?” (மன்னிக்கவும் ஐயா, ரசீதைப் பார்க்கலாமா?) என்று தொடங்கினால் போதும். வயதானவராயின் இன்னும் மென்மை வேண்டும். மறதி நோயுள்ள முதியவர் கையில் பொருளோடு வெளியே நடந்துவிடுவது நடக்கக்கூடியதே. “அங்கிள், கவுண்டர் இந்தப் பக்கம்” என்று சொல்லி அழைத்து வருவதற்கு மேல் அங்கே ஒன்றும் தேவைப்படாது.

ஓடினால் துரத்தக் கூடாது. இந்த ஒரு விதியை ஏற்கவைப்பதுதான் கடினம், ஏனெனில் ஓடுபவனை விட்டுவிடுவது இளைஞர்களுக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றுகிறது. கார் நிறுத்துமிடத்திலும் சாலையிலும் துரத்தும்போது மோதுவதற்கு வாகனங்கள் உண்டு, ஓடுபவரின் கையில் கத்தியும் இருக்கலாம். உருவம், உடை, சென்ற திசை, வாகன எண் ஆகியவற்றைக் குறித்து 999க்கு அழைப்பதே அப்போது செய்ய வேண்டிய வேலை.

தடுத்து வைத்தபின்

ஒருவரைத் தடுத்து வைத்த நொடியிலிருந்து போலீஸ் வரும் வரை உள்ள நேரமே பாதுகாவலரின் தரத்தைக் காட்டும். கேமரா உள்ள அறையில், பூட்டாத கதவுடன், குறைந்தது இருவர் இருக்க அவரை அமர்த்த வேண்டும். பெண்ணாக இருந்தால் பெண் ஊழியர் ஒருவர் தொடக்கம் முதலே உடனிருக்க வேண்டும். உடலைச் சோதிப்பது பாதுகாவலரின் வேலையன்று. பொருளைத் தாமே வெளியில் எடுத்து வைக்கும்படி கேட்கலாம். மறுத்தால் போலீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டும், கைகளைக் கண்ணில் படும்படி வைத்திருக்கச் சொல்ல வேண்டும். தண்ணீர் கேட்டால் கொடுக்க வேண்டும்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் சட்டப்படி சிறுவர். பெற்றோருக்கும் போலீசுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது. பெரியவர்களின் படத்தையும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவதோ கடைச் சுவரில் ஒட்டுவதோ வழக்குக்கு வழிவகுக்கும். மேலும், ‘பத்து மடங்கு பணம் கட்டினால் விட்டுவிடுகிறோம்’ என்று பேரம் பேசுவது எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும் மிரட்டிப் பணம் பறித்த குற்றச்சாட்டாகத் திரும்பக்கூடும். போலீசிடம் ஒப்படைப்பதா விடுவிப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைக் கடை நிர்வாகம் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் யோசித்து முடிவெடுக்கும் சுமையைப் பணிமுறையில் நிற்கும் பாதுகாவலர் மீது ஏற்றுவது நியாயமன்று. கைப்பற்றிய பொருளை உடனே அலமாரியில் திருப்பி வைக்காமல், உறையிலிட்டு, நேரமும் பெயரும் எழுதி, போலீசுக்காகப் பாதுகாக்க வேண்டும்.

பின்வாசலும் தொழிற்சாலை வாயிலும்

பின்வாசலில் கற்பிக்க வேண்டியவை எளியவை, ஆனால் சலிப்பூட்டுபவை. லாரி முத்திரை எண்ணை விநியோகச் சீட்டோடு ஒப்பிடுவது, வழங்குநரின் ஓட்டுநர் எண்ணிச் சொல்வதை ஏற்காமல் கடை ஊழியரே எண்ணுவது, மடித்த அட்டைப் பெட்டிகளையும் குப்பைப் பைகளையும் வெளியே போகும் முன் பார்ப்பது, இவ்வளவுதான். ஊழியர் பைகளைச் சோதிக்கும் நடைமுறை வேலை ஒப்பந்தத்திலோ அறிவிப்பிலோ இருக்க வேண்டும். மேலாளரின் பையும் பாதுகாவலரின் பையும் அதே மேசையில் திறக்கப்பட வேண்டும். காசாளர் தம் நண்பருக்குச் சில பொருள்களை வருடாமலே (ஸ்கேன் செய்யாமலே) பையில் போடுவது, ரத்துசெய்த பில்களும் பணம் திருப்பிக் கொடுத்த பில்களும் ஒரே கவுண்டரில் குவிவது ஆகியவற்றைக் கவனித்தால், காசாளரிடம் பேசாமல் நிர்வாகியிடம் மட்டும் தெரிவிக்கப் பழக்குங்கள். ஒரே பாதுகாவலர் ஒரே பின்வாசலில் ஆண்டுக்கணக்கில் நிற்பதும் நல்லதன்று. இடமாற்றம் அவருக்கும் பாதுகாப்பு.

பாயான் லெப்பாஸ் நிலைமை சற்று வேறு. 1972 முதல் வளர்ந்த அந்தச் சுதந்திர வர்த்தகத் தொழிற்பேட்டையின் மின்னணுத் தொழிற்சாலைகளில், கைக்குள் அடங்கும் சில்லுகளும் இணைப்புக்குப் பயன்படும் தங்கக் கம்பியும் பெருமதிப்புள்ளவை. அங்கே கழிவுப் பொருள் என்ற பெயரில் வெளியேறும் மூட்டைகளே அதிகக் கவனத்திற்கு உரியவை. எடைச் சீட்டு, வெளியேற்ற அனுமதி, கையெழுத்து மாதிரிப் பட்டியல் ஆகிய மூன்றையும் ஒப்பிடாமல் எந்த வண்டிக்கும் வாயிற்கம்பம் உயரக் கூடாது. சுதந்திர வர்த்தகப் பகுதியை விட்டு உரிய ஆவணமின்றிப் பொருள் வெளியேறினால் அது சுங்கத் துறையின் விவகாரமாகவும் மாறிவிடும் என்பதை வாயிற்காவலர் அறிந்திருக்க வேண்டும்.

அறிக்கையும் கேமராவும்

நன்றாகக் கவனித்த பாதுகாவலர் பலர் எழுத்தில் தோற்கிறார்கள். நிகழ்வு அறிக்கை மலாய் மொழியில் எழுதப்படுவது வழக்கம். தமிழில் தெளிவாக விவரிக்கத் தெரிந்த மூத்தவர்கள்கூட அங்கே இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். நேபாளத்திலிருந்து வந்த சக ஊழியர்களுக்கு இது இன்னும் கடினம். இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, முதலில் அவரவர் மொழியில் நிகழ்வைச் சொல்லவைத்து, பிறகு மலாயில் எழுதவைப்பது. நேரம், இடம், யார், என்ன பார்த்தேன், என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார், யாரிடம் ஒப்படைத்தேன் என்ற வரிசை மாறக் கூடாது. ‘சந்தேகமாக நடந்துகொண்டார்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, ‘மூன்று முறை கேமராவை நிமிர்ந்து பார்த்தார், பிறகு டின்னைப் பையில் வைத்தார்’ என்று எழுதவையுங்கள். நீதிமன்றத்தில் முன்னது கருத்து, பின்னது சாட்சியம்.

கேமராப் பதிவில் மூன்று செயல்கள் போதும். வாரந்தோறும் கேமராவின் கடிகாரத்தைச் சரியான நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வைக்க வேண்டும். நிகழ்வு நடந்த அன்றே, பழைய பதிவு அழிந்து புதியது ஏறும் முன், மூலப் பதிவைப் பிரதியெடுக்க வேண்டும். அதை யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்பதை ஏட்டில் எழுத வேண்டும். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவின்கீழ் கணினிவழிப் பதிவைச் சான்றாக்க, அந்தக் கருவிக்குப் பொறுப்பானவரின் சான்றிதழ் கேட்கப்படலாம். அதனால் அந்தப் பொறுப்பாளர் யார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கைத்தொலைபேசியால் திரையைப் படமெடுத்து அனுப்புவது மூலப் பதிவுக்கு ஈடாகாது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கருதி, கேமரா இருப்பதை அறிவிக்கும் பலகையை நுழைவாயிலில் மலாயிலும் ஆங்கிலத்திலும் வைப்பது வேண்டும்.

நேரம், செலவு, தேர்வு

பன்னிரண்டு மணிநேர இரவுப் பணி முடித்து வந்தவரை அப்படியே வகுப்பில் உட்காரவைப்பது பயிற்சியாகாது. ஓய்வுக்குப் பிந்திய நேரத்தில், ஒரு வகுப்பு மூன்று மணிநேரத்தைத் தாண்டாமல், பல வாரங்களில் பிரித்து வையுங்கள். சட்டத்திற்கும் நடிப்புப் பயிற்சிக்கும் பாதி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். உள்ளூர் ஊழியர்கள் 10 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் எச்.ஆர்.டி. கார்ப் எனப்படும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு மாதச் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டைத் தீர்வையாகச் செலுத்துகின்றன. அந்தத் தொகையிலிருந்து பயிற்சிக் கட்டணம் கோர, விண்ணப்பத்தைப் பயிற்சி தொடங்கும் முன்பே அளித்துவிட வேண்டும். முடிந்தபின் விண்ணப்பித்துப் பணத்தை இழக்கும் சிறு நிறுவனங்கள் உண்டு.

தேர்வைத் தாளில் வைக்காதீர்கள். கடை திறக்கும் முன்பான ஒரு மணிநேரத்தில் மூன்று காட்சிகளை நடத்துங்கள்: ஒன்றில் சங்கிலி முழுமையாக இருக்கட்டும், இரண்டாவதில் நடுவில் அறுந்திருக்கட்டும், மூன்றாவதில் எச்சரிக்கை ஒலி மட்டும் இருக்கட்டும். முதலாவதில் மட்டும் தடுத்து நிறுத்தி, மூன்றுக்கும் அறிக்கை எழுதியவரே தேறியவர். இரண்டாவதிலும் தடுத்தவரை வேலையை விட்டு நீக்க வேண்டியதில்லை. அவரைச் சில வாரங்கள் ஓர் அனுபவசாலியோடு இணைத்து முன்வாசலில் நிறுத்தி, மீண்டும் அதே காட்சியை நடத்திப் பாருங்கள். தேர்வு முடிவுகளையும் வருகைப் பதிவேட்டையும் ஒரு கோப்பில் வைத்திருங்கள். பின்னொரு நாள் யாராவது வழக்குத் தொடுத்தால், உங்கள் ஆளுக்கு என்ன கற்பிக்கப்பட்டிருந்தது என்று வழக்கறிஞர் கேட்கும்போது மேசைமீது எடுத்து வைக்க அந்தக் கோப்பு தேவைப்படும்.